நினைவகத்துக்குள் ஒரு வட்டு: எதிர்ப்பவர்களுக்கு ஒரு குமாஸ்தாவின் பதில்

மெயின்பிரேம் கணினியில் ஓடும் லினக்ஸ் சர்வர்களுக்கு 'விடிஸ்க்' என்னும் மெய்நிகர் வட்டை ஸ்வாப் இடமாகக் கொடுப்பது வெட்டிவேலை என்று சொல்லும் ஒரு கூட்டம் பெருகிவிட்டது. "நினைவகத்தை எடுத்து வட்டு மாதிரி வேஷம் போட்டு, அந்த வட்டை மறுபடி நினைவகம் மாதிரி பயன்படுத்துவதா? அந்த நினைவகத்தை நேராகவே கொடுத்துவிட்டால் என்ன?" என்று கேட்கிறார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தவறு. எவ்வளவு தவறு என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

இந்த வலைப்பக்கத்தில் வழக்கமாகப் பழைய புதுச்சேரிக் கதைகளைப் படிக்க வரும் நண்பர்கள், "இவருக்கு ஏன் இந்த வம்பு?" என்று நினைப்பீர்கள். ஒன்று சொல்கிறேன். நம் வயதுக்காரர்களுக்குக் கணினியோடு உள்ள உறவே கவுண்டர் வழியாகத்தான். காப்பீட்டுப் பணம், வங்கிக் கணக்கு, ஓய்வூதியம் என்று எதற்குப் போய் நின்றாலும் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் "சர்வர் ஸ்லோ சார், நாளைக்கு வாங்க" என்ற பதில் வருகிறது. முட்டிவலியோடு மூன்று முறை ஆட்டோ பிடித்துப் போகிறவர் நாம். அந்த சர்வர் ஏன் மெதுவாகிறது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. சில சமயம் காரணம் இயந்திரம் அல்ல. இயந்திரத்துக்குப் பங்கீடு செய்தவரின் மண்டை.

நான் பொறியாளன் அல்லன். பிரெஞ்சு வழியில் பள்ளிப் படிப்பை முடித்து, குமாஸ்தாவாகச் சேர்ந்து, பணிக்காலத்தின் கடைசிப் பகுதியைக் கணினிப் பிரிவின் கோப்புகளோடு கழித்தவன். வரவு செலவு, ஒதுக்கீடு, மறு ஒதுக்கீடு, மார்ச் மாதக் கணக்கு ஒப்படைப்பு இவைதான் என் கல்வி. ஆனால் இந்த விஷயத்துக்கு அந்தக் கல்வி போதும், சொல்லப்போனால் அதுதான் வேண்டும் என்பது என் கட்சி.

முதலில், விஷயம் என்ன?

கணினிக்குப் பிரெஞ்சில் 'ஓர்தினாத்தேர்' என்று பெயர். 1955இல் ஐபிஎம் நிறுவனத்தின் பிரான்ஸ் கிளை தன் புது இயந்திரத்துக்கு நல்ல பெயர் ஒன்று வேண்டும் என்று கேட்டபோது, ழாக் பெரே என்னும் லத்தீன் பேராசிரியர் எடுத்துக்கொடுத்த சொல் அது. 'ஒழுங்கு செய்பவர்' என்று பொருள். கணக்குப் போடுவதைவிட ஒழுங்குபடுத்துவதுதான் இதன் தலையாய வேலை என்று அந்தப் பேராசிரியர் கண்டுகொண்டார். என் வாதமும் அந்த ஒரு சொல்லில் அடங்கிவிடும்.

ஒரு வீட்டில் நாற்பது குடித்தனம் இருப்பதுபோல, ஒரே மெயின்பிரேமுக்குள் பல சர்வர்களைக் குடிவைக்கலாம். வீட்டுக்காரர் இருக்கிறாரே, அவர்தான் இசட்/விஎம் என்னும் மேற்பார்வை மென்பொருள். 1960களில் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் ஐபிஎம் ஆராய்ச்சியாளர்கள் தொடங்கிய வேலை இது. சிபி-40, சிபி-67 என்று வளர்ந்து, 1972இல் விஎம்/370 என்று சந்தைக்கு வந்தது. இன்று 'கிளவுட்', 'விர்ச்சுவல் மெஷின்' என்று புதுமாப்பிள்ளை போல ஊர்வலம் வருகிறதே, அந்த மாப்பிள்ளைக்கு வயது ஐம்பதுக்கு மேல் ஆகிறது.

இதில் சூட்சுமம் என்னவென்றால், ஒவ்வொரு குடித்தனக்காரரும் தனக்கென்று தனி இயந்திரம் இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பார். "உனக்கு 1 ஜிபி நினைவகம்" என்று வீட்டுக்காரர் சொல்லிவிடுவார். ஆனால் அத்தனை பேருக்கும் சொன்னதைக் கூட்டிப் பார்த்தால் உண்மையில் இருப்பதைவிட அதிகமாக இருக்கலாம். எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் இந்த ஏற்பாடு ஓடுகிறது. வங்கியும் அப்படித்தானே நடக்கிறது? டெபாசிட் போட்ட எல்லோரும் ஒரே காலையில் வந்து நின்றால் எந்த வங்கி தாங்கும்?

ஒருவேளை நெருக்கடி வந்தால், யாரும் தொடாமல் கிடக்கும் பக்கங்களை வீட்டுக்காரர் எடுத்துப் பரணில், அதாவது தன்னுடைய உண்மையான வட்டில், போட்டு வைப்பார். ஒரு பக்கம் என்பது 4096 பைட். பிரெஞ்சில் பைட்டை 'ஒக்தே' என்போம். எட்டு பிட் சேர்ந்தது என்று பெயரிலேயே விளங்கும். குடித்தனக்காரரான லினக்ஸும் தன் வீட்டுக்குள் இதே வேலையைத் தனியாகச் செய்யும். தன் 1 ஜிபி போதாதபோது சில பக்கங்களை வெளியே தள்ளும். அப்படித் தள்ளும் இடத்துக்குத்தான் ஸ்வாப் என்று பெயர். பிரெஞ்சில் 'பரிமாற்ற இடம்' என்று சொல்வார்கள்.

அந்தப் பரிமாற்ற இடத்தை எங்கே வைப்பது என்பதுதான் சண்டை. உண்மையான வட்டில் வைக்கலாம். அல்லது விடிஸ்க்கில் வைக்கலாம். விடிஸ்க் என்பது வீட்டுக்காரர் தன் நினைவகத்துக்குள்ளேயே உண்டாக்கித் தரும் பொய் வட்டு. லினக்ஸ் பார்த்தால் 512 பைட் கட்டங்களாகப் பிரித்த ஒரு வட்டு. உள்ளே போய்ப் பார்த்தால் எல்லாம் நினைவகம். ஒன்றை அடிக்கோடிட்டுப் படியுங்கள்: விடிஸ்க்கில் எந்தக் கட்டத்தையும் எழுதாத வரை அதற்கு நினைவகம் செலவாவதில்லை. 500 எம்பி விடிஸ்க் என்று பேருக்குக் கொடுத்து, 10 எம்பி மட்டும் எழுதப்பட்டிருந்தால், ஆகியிருக்கும் செலவு சுமார் 10 எம்பிதான்.

முதல் வாதம்: "நேராகவே கொடுத்துவிடலாமே"

இதைச் சொல்பவர்களுக்கு லினக்ஸின் குணம் தெரியவில்லை, அல்லது அரசாங்கத் துறைகளின் குணம் தெரியவில்லை. இரண்டும் ஒன்றுதான்.

லினக்ஸுக்கு 1 ஜிபி கொடுத்தால் 1 ஜிபியையும் பயன்படுத்தும். 4 ஜிபி கொடுத்தால் 4 ஜிபியையும் பயன்படுத்தும். வேலைக்கு வேண்டியது 700 எம்பிதான் என்றாலும், மீதி இடத்தைச் சும்மா விடாமல், வட்டிலிருந்து படித்த கோப்புகளை எல்லாம் "பின்னால் உதவும்" என்று அடுக்கி வைத்துக்கொள்ளும். தனி இயந்திரத்தில் அது நல்ல குணம். சும்மா கிடக்கும் நினைவகத்தால் யாருக்கு லாபம்? ஆனால் நாற்பது பேர் பங்குபோடும் வீட்டில் அதே குணம் பக்கத்து வீட்டுக்காரனின் அரிசியை அள்ளிக்கொள்வதாகும். லினக்ஸுக்குப் பக்கத்து வீடு இருப்பதே தெரியாது. வீட்டுக்காரருக்கோ அடுக்கி வைத்த பழைய கோப்பு எது, உண்மையில் வேண்டிய பக்கம் எது என்று வித்தியாசம் தெரியாது.

நாங்கள் கோப்பில் பார்க்காததா இது? ஒரு பிரிவுக்கு எழுதுபொருள் செலவுக்கு ஒதுக்கீட்டை இரட்டிப்பாக்குங்கள். பிப்ரவரி வரை அமைதியாக இருப்பார்கள். மார்ச் பிறந்ததும் ஒதுக்கியது ஒப்படைப்பாகப் போய்விடுமே என்று அலமாரி அலமாரியாகக் காகிதம் வந்து இறங்கும். யாரும் திருடவில்லை. ஒதுக்கினார்கள், செலவானது. அவ்வளவுதான்.

அதே பிரிவுக்கு ஒதுக்கீட்டைத் தேவையின் அளவுக்கு வைத்து, "எதிர்பாராத செலவு வந்தால் தனி நிதியிலிருந்து எடுத்துக்கொள்" என்று சொல்லிப் பாருங்கள். அலமாரி நிரம்பாது. நம் அரசியல் சட்டத்தை எழுதியவர்கள் விவரம் தெரியாதவர்களா? 267ஆம் பிரிவில் எதிர்பாராச் செலவு நிதி என்று ஒன்றைத் தனியாக ஏன் வைத்தார்கள்? அந்தத் தொகையையும் துறைகளின் வழக்கமான ஒதுக்கீட்டில் சேர்த்துக் கொடுத்துவிட்டிருக்கலாமே! சேர்த்தால் அது வழக்கமான செலவாகவே கரைந்துவிடும். வெள்ளம் வரும் அன்று கையில் ஒன்றும் இருக்காது என்பது அவர்களுக்குத் தெரியும்.

விடிஸ்க் என்பது அந்த எதிர்பாராச் செலவு நிதி. நேரடி நினைவகத்தில் லினக்ஸ் பழைய கோப்புகளை அடுக்கும். ஸ்வாப்பில் அப்படி அடுக்காது. இடம் நெருக்கும்போதுதான் அதைத் தொடும். ஒரே நினைவகம்தான், ஆனால் எந்தத் தலைப்பில் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்து வாங்குபவரின் நடத்தை மாறுகிறது. "இரண்டும் நினைவகம்தானே" என்பவர், "சம்பளமும் பணம், சேமநலநிதியும் பணம், இரண்டையும் ஒன்றாகவே கொடுத்துவிடு" என்று சொல்பவர். ஓய்வு பெற்ற பிறகு அவரைக் கடற்கரைச் சாலையில் பார்த்துக் கேட்கவேண்டும்.

இரண்டாவது வாதம்: "ஸ்வாப்பே வேண்டாம், அளவாகக் கொடுத்தால் போதும்"

அளவு என்றால் எந்த நாளின் அளவு? மாதத்தின் பத்தாம் தேதிக்கு ஒரு அளவு, முப்பதாம் தேதி இரவுக்கு ஒரு அளவு. முப்பதாம் தேதிக்கு அளவெடுத்துச் சட்டை தைத்தால் மீதி இருபத்தொன்பது நாளும் தொளதொள. பத்தாம் தேதிக்குத் தைத்துவிட்டு ஸ்வாப்பும் இல்லை என்றால், முப்பதாம் தேதி என்ன நடக்கும்? லினக்ஸுக்குப் போக்கிடம் இல்லை. நினைவகம் தீர்ந்துபோனால், ஓடும் வேலைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அது கொன்றுவிடும். இது கதையல்ல, அதற்கென்றே அந்த மென்பொருளில் ஒரு பகுதி எழுதி வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் அதிக நினைவகம் வைத்திருக்கும் வேலையைத்தான் அது பிடிக்கும். அதிகம் வைத்திருப்பது யார்? முக்கியமான தரவுத்தளமாகவே இருக்கக்கூடும். வீடு நெரிசலாக இருக்கிறது என்று சம்பாதிக்கும் பிள்ளையை வெளியே தள்ளுகிற கதை.

அதுமட்டுமல்ல. எந்த சர்வரிலும் துவங்கும்போது ஒருமுறை தேவைப்பட்டு அப்புறம் தொடப்படாமலே கிடக்கும் பக்கங்கள் இருக்கும். அவற்றை ஒருமுறை வெளியே தள்ளிவிட்டால் திரும்பக் கூப்பிடவே வேண்டாம். நல்ல குடும்பத்தில் தீபாவளிப் பாத்திரத்தை அடுப்பங்கரையிலேயா வைத்திருக்கிறார்கள்?

மூன்றாவது வாதம்: "உண்மையான வட்டில் வைத்தால் மலிவாயிற்றே"

மலிவுதான். ஆனால் சுழலும் வட்டுக்கு ஒரு பக்கத்தைத் தேடி எடுத்துவரச் சில மில்லி வினாடிகள் ஆகும். நினைவகத்துக்குள் பிரதி எடுக்க அதில் நூற்றில் ஒரு பங்குகூட ஆகாது. இன்றைய ஃபிளாஷ் சேமிப்பு வேகமானது என்பீர்கள். இருக்கட்டும், அப்போதும் கோரிக்கை இயந்திரத்தைவிட்டு வெளியே போய், கேபிள் வழியே சேமிப்புப் பெட்டியை அடைந்து, திரும்பி வரவேண்டும். ஒரு சர்வர் ஸ்வாப் செய்யும் நாளில் பெரும்பாலும் எல்லாமே ஸ்வாப் செய்யும். மாதக் கடைசி எல்லோருக்கும் ஒரே நாளில்தான் வருகிறது. அன்றைக்கு நாற்பது பேரும் ஒரே வாசலில் முட்டிக்கொள்வார்கள்.

உண்மையான வட்டு கூடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அது வரிசையில் கடைசியில் நிற்கட்டும் என்கிறேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

நான்காவது வாதம்: "அறிக்கையில் ஸ்வாப் 40 சதவீதம் என்று சிவப்பாகக் காட்டுகிறது"

உண்மையில் இதுதான் எல்லா விபரீதத்துக்கும் வேர். மற்ற மூன்றும் சாக்கு.

என் தம்பி மகள் சென்னையில் இந்த வேலையில் இருக்கிறாள். அவள் பார்த்துக்கொண்ட ஒரு நிறுவனத்தில் நடந்ததைப் பெயர் சொல்லாமல் எழுதுகிறேன். மெயின்பிரேமில் அவர்கள் பங்குக்கு 64 ஜிபி. அதில் நாற்பது சர்வர்கள், ஆளுக்கு 1 ஜிபி. ஒவ்வொன்றுக்கும் 256 எம்பியில் ஒன்று, 512 எம்பியில் ஒன்று என இரண்டு விடிஸ்க். கூட்டிப் பாருங்கள்: நேரடி நினைவகம் 40 ஜிபி, எல்லா விடிஸ்க்கும் முழுக்க நிரம்பினால் மேலும் 30 ஜிபி. மொத்தம் 70. இருப்பு 64. எல்லாம் ஒரே நேரத்தில் நிரம்பினால்கூட ஆறு ஜிபிதான் துண்டு. நிரம்பியதும் இல்லை. இரண்டு வருடம் யாருக்கும் தெரியாமல் ஓடியது.

பிறகு புதிதாக ஒரு மேலாளர் வந்தார். சாதாரண சர்வர்களில் பழகியவர். அறிக்கையில் ஸ்வாப் 40 சதவீதம் என்று சிவப்பு நிறத்தில் பார்த்தார். "இது நோய். விடிஸ்க்கை எடுத்துவிட்டு எல்லோருக்கும் 4 ஜிபி கொடு" என்று உத்தரவு போட்டார். இவள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவித்தாள். அதற்கு அவளுக்கே ஒரு மெமோ வந்தது. நாற்பதை நாலால் பெருக்கினால் 160. இருப்பு அதே 64. ஒன்றுக்கு இரண்டரை மடங்கு வாக்குறுதி!

முதல் நாள் எல்லாம் அமோகம். சிவப்பு போய்ப் பச்சை வந்துவிட்டது. மேலாளர் இனிப்பு வாங்கிக் கொடுத்தாராம். அப்புறம் நாளாக ஆக நாற்பது லினக்ஸும் கிடைத்த 4 ஜிபியில் கோப்புகளை அடுக்கத் தொடங்கின. வீட்டுக்காரரான இசட்/விஎம் இடமில்லாமல் பக்கங்களைத் தன் உண்மையான வட்டுக்கு அனுப்பத் தொடங்கியது. நாற்பது பேரும் பழைய பேப்பரைச் சேர்த்து வைத்திருக்க, அந்தப் பழைய பேப்பரைப் பரணில் ஏற்றுவதும் இறக்குவதுமாகவே வீட்டுக்காரரின் பொழுது போயிற்று. மாதக் கடைசி இரவு முடிந்திருக்க வேண்டிய வேலை மறுநாள் பகல் வரை இழுத்தது. காலையில் கவுண்டர் திறந்தபோது பதில் வரவில்லை. வரிசையில் நின்றவர்கள் யார்? நம்மைப் போன்றவர்கள்தான்.

"ஏம்மா, யாருக்குமா கூட்டல் தெரியவில்லை?" என்று கேட்டேன்.

"தெரியும் பெரியப்பா. ஆனா அவங்க பார்த்தது சிவப்பை மட்டும்தான்" என்றாள்.

அந்த 40 சதவீதத்துக்கு என்ன அர்த்தம்? ஸ்வாப்பில் எவ்வளவு கிடக்கிறது என்று அர்த்தம். எவ்வளவு போய் வருகிறது என்று அர்த்தம் இல்லை. பரணில் பாத்திரம் நிறைய இருப்பது குற்றமல்ல. ஏணி போட்டு மணிக்கு நூறு தரம் ஏறி இறங்கினால்தான் குற்றம். பார்க்கவேண்டியது இருப்பை அல்ல, நடமாட்டத்தை. நடமாட்டத்தைக் காட்டும் எண்களும் அதே கணினியில், அதே ஆள் பார்க்கும்படி இருக்கின்றன. நினைவகம் போதாமல் இயந்திரம் ஏற்றி இறக்குவதிலேயே பொழுதைக் கழிக்கும் இந்த நிலைக்கு, பீட்டர் டென்னிங் என்னும் கணினி அறிஞர் 1968லேயே விளக்கம் எழுதிவிட்டார். எந்த வேலைக்கு எந்த நேரத்தில் உண்மையாகவே எத்தனை பக்கம் வேண்டும் என்று பார்த்துப் பங்கிடு என்பதுதான் அவர் சொன்ன மருந்து. அரை நூற்றாண்டுக்குப் பிறகும் நிறத்தைப் பார்த்துப் பங்கிடுகிறோம்.

விடிஸ்க் அட்சய பாத்திரமா?

இல்லை. எதிர்க்கட்சிக்காரர்கள் சொல்லாத குறைகளையும் நானே சொல்லிவிடுகிறேன். பக்கம் சாய்ந்து பேசுகிறேன் என்ற பேச்சு வேண்டாம்.

ஒன்று: விடிஸ்க்கில் ஒருமுறை எழுதிய இடம், லினக்ஸ் அதைக் காலி செய்த பிறகும் வீட்டுக்காரர் கணக்கில் செலவாகவே நிற்கும். லினக்ஸ் காலி செய்த செய்தி வீட்டுக்காரருக்குப் போவதில்லை. ஆகவே ஒரே பெரிய விடிஸ்க் கொடுத்தால், லினக்ஸ் இன்று ஒரு மூலை, நாளை ஒரு மூலை என்று உலாவி நாளடைவில் முழுவதையும் தொட்டுவிடும். இதற்குப் பரிகாரம் உண்டு. ஒரே பெரிய வட்டாகத் தராமல் சின்னதும் பெரியதுமாக இரண்டு மூன்றாகக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு முன்னுரிமை எண் கொடுக்கவேண்டும். சின்னது நிரம்பினால்தான் அடுத்தது. எல்லாவற்றுக்கும் ஒரே எண் கொடுத்தால் லினக்ஸ் சமமாகப் பிரித்து எல்லாவற்றையும் எச்சில் பண்ணிவிடும். ஒரு எண்ணைச் சரியாகப் போடுவதில் இருக்கிறது சூட்சுமம். அதைப் போடாமல் விட்டுவிட்டு "விடிஸ்க் நினைவகத்தைத் தின்கிறது" என்று புகார் சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டு: சர்வர் வெளியேறிவிட்டால் விடிஸ்க்கும் மறைந்துவிடும். மறுபடி உள்ளே வரும்போது வெறும் பலகைதான் இருக்கும். ஸ்வாப்புக்கான அடையாளத்தை ஒவ்வொரு முறையும் எழுதவேண்டும். அதை லினக்ஸ் எழும்புவதற்கு முன்பே செய்து முடிக்கச் சிறு நிரல்கள் இருக்கின்றன. ஒருமுறை அமைத்துவிட்டால் வேலை முடிந்தது. ஸ்வாப்பில் இருப்பதை நாளைக்குப் பத்திரப்படுத்தத் தேவையே இல்லை என்பதால் மறைவதில் நஷ்டமும் இல்லை.

மூன்று: இயந்திரத்திலேயே நினைவகம் வறண்டுபோயிருந்தால் விடிஸ்க் அதைப் பெருக்கித் தராது. வீட்டுக்காரர் விடிஸ்க்கின் பக்கங்களையே தன் வட்டுக்கு அனுப்பும் நிலை வந்துவிடும். கஜானாவில் பணமில்லாதபோது எதிர்பாராச் செலவு நிதி மட்டும் எங்கிருந்து வரும்? அப்போது நினைவகம் வாங்கத்தான் வேண்டும். வாங்கக் கூடாது என்று நான் எங்கும் சொல்லவில்லை. கணக்குப் பார்த்துவிட்டு வாங்கு என்கிறேன்.

ஆக, முறை இதுதான்: சர்வரின் நேரடி நினைவகத்தை, லேசாக ஸ்வாப்பைத் தொடத் தொடங்கும் அளவு வரை குறைத்துக்கொண்டு வரவேண்டும். முதல் வரிசையில் சின்ன விடிஸ்க், அதற்குப் பின்னால் அதைவிடப் பெரியது. கடைசியில் உண்மையான வட்டில் ஒரு ஸ்வாப். அந்தக் கடைசி வட்டில் நடமாட்டம் தெரிந்தால், அதுதான் உண்மையான சிவப்பு விளக்கு. அப்போது கூட்டம் போடுங்கள், குறிப்பு எழுதுங்கள், மெமோ கொடுங்கள்.

பணம் யாருடையது?

ஓய்வு பெற்ற பொறியாளர் நண்பர் ஒருவரிடம் இதையெல்லாம் சொன்னேன். "என்ன முசியே, நினைவகம் இன்று சல்லிசு. ஒரு பலகையை வாங்கிச் சொருகிவிட்டுப் போகவேண்டியதுதானே. உமக்கு எதற்கு இவ்வளவு கோபம்?" என்றார். மேசைக் கணினிக்கு வாங்கும் நினைவகம் சல்லிசுதான். மெயின்பிரேம் நினைவகத்தின் விலைப்பட்டியல் அந்தக் கடையில் தொங்குவதில்லை. அது வேறு கடை, வேறு விலை. அந்த விலை கடைசியில் பிரீமியத்திலும் சேவைக் கட்டணத்திலும் வரியிலும் நம் தலையில்தான் இறங்குகிறது. சும்மா கிடக்கும் பழைய கோப்புகளை அடுக்கி வைக்க நான் ஏன் பணம் கட்டவேண்டும்?

பிரெஞ்சில் ஒரு பழமொழி: வெண்ணெயும் வேண்டும், வெண்ணெய் விற்ற காசும் வேண்டும் என்றால் நடக்காது. நாம் கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்போம். ஒரே இயந்திரத்தில் நாற்பது சர்வரைக் குடிவைத்துச் செலவைக் குறைக்கவும் வேண்டும், ஒவ்வொன்றையும் தனி பங்களாவில் இருப்பதுபோல ராஜாவாக வைக்கவும் வேண்டும் என்றால் முடியாது. பங்குபோட வந்தால் பங்குபோடும் ஒழுங்குக்கு உட்படவேண்டும்.

எனக்கு இன்னொரு வருத்தமும் உண்டு. சரியாகக் கணக்குப் போட்ட ஒரு பெண்ணுக்கு மெமோ கொடுத்தார்கள். கணக்கே போடாதவருக்கு இனிப்பு. பிற்பாடு வேகம் குறைந்தபோது பழையபடி விடிஸ்க்கை வைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. மெமோவை ரத்து செய்து மட்டும் உத்தரவு வரவில்லை. அவள் பணிப் பதிவில் அது இன்னமும் இருக்கிறது. நான் பணியில் இருந்திருந்தால் அந்தக் கோப்பை இப்படி மூட விட்டிருக்கமாட்டேன்.

எனவே இந்தத் துறையில் மகன், மகள், பேரன் இருக்கும் நண்பர்கள் அவர்களிடம் மூன்று கேள்விகளை மட்டும் கேட்டுப் பாருங்கள். எல்லா சர்வர்களுக்கும் வாக்களித்த நினைவகத்தைக் கூட்டினீர்களா? ஸ்வாப்பில் கிடப்பதைப் பார்க்கிறீர்களா, போய் வருவதைப் பார்க்கிறீர்களா? விடிஸ்க்குகளுக்கு முன்னுரிமை எண் தனித்தனியாகக் கொடுத்திருக்கிறீர்களா? மூன்றுக்கும் பதில் வந்தால் பிள்ளை பிழைத்துக்கொள்ளும். பதில் வராவிட்டால் இந்தப் பதிவை அனுப்பி வையுங்கள். என்னோடு சண்டைக்கு வந்தாலும் சரி, கூட்டல் கணக்கோடு வரட்டும்.

அடுத்த வாரம் வழக்கம்போல் பழைய புதுச்சேரிக்குத் திரும்பிவிடுகிறேன்.